தொடக்க மதிப்புக்குப் பெயர் வைக்கும்போது

விடுமுறைக்குக் கோத்தகிரி வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பைத்தான் என்ற நிரல்மொழியில் கணித மாதிரி எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். தொடக்க மதிப்புக்கு, அதாவது கணக்கு தொடங்கும்போது இருக்கும் எண்ணுக்கு, பெயர் வைப்பதில் நான் அன்று செய்த தவறுகளையே அவர்களும் செய்கிறார்கள். எழுத்துப்பிழை, விட்டுப்போன அடைப்புக்குறி எல்லாம் கணினியே சொல்லிவிடும். அது சொல்லாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

தொடக்கத்துக்கும் இப்போதைக்கும் ஒரே பெயர்

இதைப் பார்த்தால் இன்னும் எனக்குப் பொறுக்காது. தேயிலையில் கொப்புள நோய் பரவுவதற்கு ஒரு மாதிரி எழுதினேன். மழைக்காலத்தில் பனிமூட்டம் விலகாமல் இலை ஈரமாகவே கிடக்கும் நாட்களில் இளங்கொழுந்தைப் பிடிக்கும் பூஞ்சை நோய் அது. 7, 10, 14 நாளுக்கு ஒருமுறை மருந்தடித்தால் என்ன ஆகும் என்று மூன்று ஓட்டம். நல்ல கொழுந்து 0.98, நோய்ப்பட்டது 0.02. இரண்டையும் ‘நிலை’ என்ற நம்பை அணியில் (பைத்தானில் எண்களை வரிசையாக வைக்கும் பெட்டி) வைத்து, அதையே நாள்தோறும் மாற்றிக்கொண்டு போனேன். முதல் ஓட்டம் விட்ட இடத்தில் இரண்டாவது தொடங்கியது. 14 நாள் ஓட்டம் ஏற்கெனவே நோய் முற்றிய தோட்டத்தில் தொடங்கியது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. வரைபடமும் நான் நினைத்தபடியே இருந்தது.

அதை நம்பி என் சித்தப்பா அந்த மழைக்காலம் முழுக்க 7 நாளுக்கு ஒருமுறை ஆள் வைத்து மருந்தடித்தார். மறுவருடம் வரிசையைத் திருப்பி ஓட்டினேன். 7 நாள்தான் மோசம் என்று வந்தது! திருத்தி ஓட்டியதில் 10 நாளே போதும். மருந்துக்கும் கூலிக்கும் போன பணம் போனதுதான்.

‘தொடக்க_நிலை’, ‘நிலை’ என்று இரண்டு பெயர் வையுங்கள். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கும். ஆனால் பெயர் மட்டும் போதாது. ‘நிலை = தொடக்க_நிலை’ என்றால் நகல் உண்டாகாது; ஒரே அணிக்கு இரண்டு பெயர், அவ்வளவுதான். அப்புறம் ‘நிலை += மாற்றம்’ என்றதும் தொடக்கமும் சேர்ந்தே மாறும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நகல் எடுத்துக் கொடுங்கள். வரிசையை மாற்றியும் ஓட்டிப் பாருங்கள். விடை மாறினால் எங்கோ கசிகிறது.

ஆர்0

கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் 1927-இல் தந்த தொற்றுநோய் மாதிரியில் எஸ்0 (நோய் தொற்றக்கூடியவர்கள்), ஐ0 (நோயாளிகள்) தொடக்க மதிப்புகள். அதே பழக்கத்தில் குணமானவர்களின் தொடக்க எண்ணிக்கையை ஆர்0 என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் எல்லாரும் நோய் தொற்றக்கூடியவர்களாக இருக்கும்போது ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குப் பரப்புவார் என்பதற்கும் அதே பெயர்தான். முன்னது பெரும்பாலும் 0. பின்னது 1-ஐத் தாண்டினால்தான் நோய் பெருகும். ‘தொடக்க_ஆர்’ என்று விரித்தே எழுதுங்கள்.

ஏ, ஏ1, ஏ_புதுசு

வேண்டாம்.

டி0

டி0 என்றால் தொடக்க நேரம். ஆனால் நேரம் எப்போதும் 0-வில் தொடங்காது. ஆண்டின் நாட்களை எண்ணினால் ஜூன் 1 என்பது 152, லீப் ஆண்டில் 153. ‘தொடக்க_நாள்’ என்று வையுங்கள். நாளா மணியா என்று யாரும் உங்களைக் கேட்க வேண்டியிருக்காது.