பொனற்றுக்குள் ஒரு ஹோஸ் கழன்று தொங்குகிறதா? எதுவென்று கண்டுபிடிக்கும் முறை

ஒயில் பார்க்கலாம் என்று பொனற்றைத் திறந்தால் ஒரு கறுப்பு றப்பர் ஹோஸ் தனியாகத் தொங்குகிறது, எங்கே இருந்து கழன்றது என்று தெரியவில்லை. மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் பக்கம் போகிற காட்டு றோட்டில் இப்படி மாட்டுப்பட்டால், கராஜ் ஒன்றைத் தேடிப் போவதே பெரும்பாடு. அந்த அவதியில் பலர், அளவு பொருந்துகிற ஏதாவது ஒரு குழாய் வாயில் அதைச் செருகிவிட்டு ஓடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிழையான இடத்தில் செருகிய ஹோஸ், சும்மா தொங்குகிற ஹோஸைவிடக் கூடக் கேடு செய்யும். எதுவென்று கண்டுபிடித்த பிறகுதான் செருக வேண்டும், அதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை.

முதலில் எஞ்சினை நிறுத்தி, ஹான்ட் பிரேக் போட்டு, ஆறவிடுங்கள். திறப்பை வெளியே எடுத்துவிடுங்கள், ஏனென்றால் கரண்டில் சுத்துகிற ஃபான் சில வாகனங்களில் எஞ்சின் நின்ற பிறகும் திடீரென்று ஓடும். சூட்டோடு றேடியேற்றர் மூடியில் கை வைக்கக் கூடாது, உள்ளே அழுத்தத்தில் இருக்கிற தண்ணி 100 பாகைக்கு மேல் கொதிக்காமல் நிற்கும், மூடியைத் தளர்த்தியதும் முகத்தில்தான் அடிக்கும். ஹைபிரிட் வாகனம் என்றால் செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடாதீர்கள், அது உயர் மின்சாரம். பெற்றோல் மணம் வந்தால் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. ஹோஸை அசைக்க முதல் போனில் இரண்டு மூன்று படம் எடுத்து வையுங்கள், பிறகு மெக்கானிக்கிடம் காட்ட உதவும்.

இனி, கழன்ற முனையை விட்டுவிட்டு மற்ற முனை எங்கே போகிறது என்று பாருங்கள். டோர்ச் அடித்து, கையால் தடவிக்கொண்டே போக வேண்டும். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். றேடியேற்றர் கழுத்துக்குப் போனால் அது பக்கத்துத் தண்ணிப் போத்தலுக்கு வரும் ஹோஸ். கண்ணாடி கழுவுகிற தண்ணித் தாங்கிக்குப் போனால் வோஷர் ஹோஸ். எஞ்சினின் மேல்மூடியில் இருந்து எயார் கிளீனர் பக்கம் போவது எஞ்சின் மூச்சுவிடும் ஹோஸ். சாரதிக்கு நேர் முன்னால், பிரேக் ஒயில் போத்தலுக்குப் பின்னால் இருக்கிற பெரிய வட்டமான கறுப்புத் தகரத்தில் போய் முடிந்தால் அது பிரேக் மிதிக்கப் பலம் கூட்டுகிற சேர்வோவின் ஹோஸ், அதைப் பூட்டாமல் வாகனத்தை ஒரு அடிகூட நகர்த்தாதீர்கள்.

அப்படியும் தெரியாவிட்டால் கழன்ற முனையை வடிவாகப் பாருங்கள். வெள்ளை ரிஷூவைச் சுருட்டி உள்ளே விட்டு ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். பச்சையோ சிவப்போ பட்டு, லேசான இனிப்பு மணம் வந்தால் றேடியேற்றருக்கு ஊற்றுகிற கூலன்ற், அது நஞ்சு, நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. கறுப்பு எண்ணெய்ப் பசை என்றால் எஞ்சின் மூச்சு ஹோஸாக இருக்கலாம். சவர்க்கார மணம் வோஷர். காய்ந்து சுத்தமாக, பென்சில் அளவு தடிப்பில் இருந்தால் பெரும்பாலும் வக்கியூம் ஹோஸ், அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற ஹோஸ். பெற்றோல், டீசல் ஹோஸின் சுவர் தடிப்பாக இருக்கும், வெட்டுமுகத்தில் நூல் பின்னல் தெரியும், மணமும் காட்டிக்கொடுக்கும். 3, 4 சென்ரிமீற்றர் அகலம் என்றால் பெரும்பாலும் றேடியேற்றர் ஹோஸ்.

அப்புறம் ஹோஸ் இல்லாமல் நிற்கிற வெறும் வாயைத் தேட வேண்டும். இதில் எங்கள் ஊர்ப் புழுதி நல்ல உதவி. எஞ்சின் முழுக்கச் செம்மண் படிந்திருக்கும், ஆனால் ஹோஸ் மூடியிருந்த இடத்தில் மட்டும் புழுதி ஏறாமல் ஒரு விரல் அகலத்துக்குப் பளிச்சென்று வளையம் தெரியும். ஹோஸின் முனையிலும் கிளிப் இறுக்கிய தழும்பு இருக்கும். அந்தத் தழும்பும் இந்த வளையமும் ஒரே அகலமா, ஹோஸ் தன் வளைவிலேயே இழுபடாமல் அந்த வாய்க்குப் போய் நிற்கிறதா என்று பாருங்கள். இழுத்துப் பிடித்துத்தான் எட்டுகிறது என்றால் அது அதற்குரிய வாய் இல்லை. பொனற்றின் உட்பக்கம் வக்கியூம் ஹோஸ் படம் ஒட்டியிருந்தால் அதையும் பாருங்கள், எழுத்து யப்பான் மொழியில் இருந்தாலும் கோடுகள் விளங்கும்.

வெறும் வாயே அகப்படாவிட்டால் பதற வேண்டாம், சில ஹோஸ்கள் ஒரு முனை திறந்தே இருக்கச் செய்யப்பட்டவை. ஏசித் தண்ணி வடிகிற ஹோஸ், தண்ணிப் போத்தலின் மிகை வெளியேறுகிற ஹோஸ், கியர்பொக்ஸ் மூச்சுக்குழாய் எல்லாம் அப்படித்தான், அவற்றை அடைக்கவும் கூடாது. யப்பானில் இருந்து வந்த பழைய வாகனங்கள் சிலவற்றில் ஹீற்றரைக் கழற்றி ஹோஸை அப்படியே விட்டிருப்பார்கள், எஞ்சின் மாற்றிய வாகனத்திலும் மிச்சம் மீதி கிடக்கும். முனை கிழிந்து பல் அடையாளம் இருந்தால் எலி வேலை, வயல் கரையில் நிறுத்துகிறவர்கள் இதை முதலில் சந்தேகிக்கலாம், அப்போது வெட்டுப்பட்ட மற்றத் துண்டு அந்த வாயிலேயே பூட்டியபடி இருக்கும்.

பெற்றோல் எஞ்சின் ஐடிலில், அதாவது அக்ஸிலேற்றர் மிதிக்காமல் ஓடும்போது துடித்து, உஸ் என்று சத்தம் வந்தால் பெரும்பாலும் வக்கியூம் ஹோஸ்தான். எஞ்சின் அப்படி ஓடும்போதே சந்தேகமான சிறிய வாயை விரலால் மூடிப் பாருங்கள், பெல்ட்டுக்கும் ஃபானுக்கும் கை படாமல். உறிஞ்சி, எஞ்சின் சத்தமும் சீராகினால் இடம் அதுதான். டீசலில் இந்தச் சோதனை சரிவராது. பழைய ரொயோட்டா டீசல்கள் பலவற்றில் டைனமோவின் பின்னால் ஒரு வக்கியூம் பம்ப் இருக்கும், அதில் இருந்துதான் பிரேக்குக்கு ஹோஸ் போகிறது. அதே பம்புக்கு எஞ்சின் ஒயில் ஹோஸும் வருவதால் இரண்டையும் மாற்றிப் பூட்டாமல் கவனமாகப் பாருங்கள்.

வோஷர், ஏசித் தண்ணி ஹோஸ் என்றால் அப்படியே ஓடி வீட்டுக்குப் போகலாம். பெற்றோல், பிரேக், கூலன்ற், ஒயில் என்றால் பூட்டாமல் ஓடக் கூடாது. முனை காய்ந்து வெடித்திருந்து, நீளம் போதுமென்றால் 1 சென்ரிமீற்றர் வெட்டிவிட்டு நல்ல இடத்தில் புதுக் கிளிப் போடுங்கள். புதிது வாங்க கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ போகும்போது பழைய துண்டைக் கையோடு கொண்டுபோங்கள், பெற்றோலுக்கு என்றால் பெற்றோல் ஹோஸ் என்றே கேட்டு வாங்குங்கள், தண்ணிக்குப் போடுகிற றப்பர் பெற்றோலில் ஊதிப்போகும்.