வீட்டுக் கண்காணிப்பு கேமராவை நாமே தேர்ந்தெடுத்துப் பொருத்துவது எப்படி?

எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த இருசக்கர வண்டியிலிருந்து ஒரு நள்ளிரவில் யாரோ பெட்ரோலை உருவிக்கொண்டு போனார். மாடி சன்ஷேடுக்கு அடியில் நானே ஏணி வைத்து ஏறிப் பொருத்தியிருந்த கேமராவில் அந்தக் காட்சி நான்கு நிமிடம் பதிவாகியிருந்தது. வந்தவரின் உச்சந்தலையில் சுழி எந்தப் பக்கம் இருந்தது என்பதுகூடத் தெரிந்தது; முகம் மட்டும் ஒரு நொடியும் தெரியவில்லை. கேமராவில் எந்தப் பழுதும் இல்லை. பதினைந்தடி உயரத்திலிருந்து நேர் கீழே பார்க்கும்படி அதை வைத்தவன் நான்தான். எத்தனை கேமரா, எத்தனை மெகாபிக்சல், என்ன விலை என்று விசாரித்த நான், அந்தக் கேமரா எந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டும் என்று மட்டும் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

ஆகவே கடைக்குப் போவதற்கு முன்பு ஒரு தாளில் வீட்டின் வெளிப்புறத்தை வரைந்து, கேட், வாசற்படி, பின்கதவு, வண்டி நிறுத்தும் இடம், மொட்டைமாடிப் படிக்கட்டு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு இடத்திலும் நமக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை எழுதிவிடுவது நல்லது. யாரோ வந்தார் என்பது மட்டும் தெரிந்தால் போதுமா, வந்தவர் நமக்குத் தெரிந்தவரா என்று சொல்ல முடிய வேண்டுமா, முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தைப் பிறரிடம் காட்டும் அளவுக்குத் தெளிவு வேண்டுமா என்ற மூன்றில் ஒன்றுதான் விடையாக இருக்கும். இந்த மூன்றுக்கும் ஐஇசி 62676-4 என்ற பன்னாட்டுத் தரநிலை அளவு சொல்லியிருக்கிறது. ஒரு மீட்டர் அகலமுள்ள காட்சிக்கு முதலாவதற்கு 25 பிக்சலும், இரண்டாவதற்கு 125 பிக்சலும், மூன்றாவதற்கு 250 பிக்சலும் கிடைக்க வேண்டும்.

கணக்கைக் கண்டு மிரள வேண்டாம். கடையில் பரவலாகக் கிடைக்கும் 2 மெகாபிக்சல் கேமராவின் படம் 1920 பிக்சல் அகலம் உடையது. அதில் பெரும்பாலும் 2.8 மி.மீ. லென்ஸ் இருக்கும், அது சுமார் 100 பாகை அகலத்துக்குப் பார்க்கும். அப்படிப்பட்ட கேமரா 3 மீட்டர் தொலைவுக்குள் நிற்பவரின் முகத்தை அடையாளம் காட்டும். 6 மீட்டரில் தெரிந்தவரா இல்லையா என்று சொல்லலாம். அதற்கு அப்பால், சுமார் 30 மீட்டர்வரை, ஆள் நடமாட்டம் மட்டுமே தெரியும். இதே 2 மெகாபிக்சலில் சுமார் 50 பாகை மட்டும் பார்க்கும் 6 மி.மீ. லென்ஸை வாங்கினால், முகம் தெரியும் தொலைவு 8 மீட்டராக உயர்ந்துவிடுகிறது. லென்ஸை மாற்றாமல் 4 மெகாபிக்சலுக்குப் போனாலோ அது நான்கு மீட்டரைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். எனவே கடைக்காரர் மெகாபிக்சலைச் சொல்லும்போது, லென்ஸ் எத்தனை மி.மீ. என்று திருப்பிக் கேளுங்கள். அகன்ற கோணத்தில் தெரு முழுவதும் தெரிவது திரையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அகலத்துக்காக நாம் விட்டுக்கொடுப்பது முகங்களை.

இந்தத் தொலைவுகள் நல்ல வெளிச்சத்துக்குப் பொருந்துபவை. இரவில் எல்லாம் குறையும். ஒரே அளவுள்ள சென்சாரில் பிக்சல்களை அதிகமாக்கினால் ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் ஒளி குறைகிறது என்பதால், மலிவான 8 மெகாபிக்சல் கேமரா இருட்டில் 4 மெகாபிக்சல் கேமராவிடம் தோற்றுப்போவது உண்டு.

உயரத்தைப் பொறுத்தவரை, முகம் வேண்டிய இடத்தில் எட்டடியைத் தாண்டாதீர்கள். கைக்கு எட்டிவிடுமே என்ற கவலை நியாயமானதுதான். அதற்குக் கேமராவை உயர்த்துவதைவிட, அதைப் பார்க்கும்படி இன்னொரு கேமராவை எதிர்ப்புறத்தில் வைப்பது பயன் தரும். சுவரில் டிரில் போடும் முன்பு கைப்பேசியை அதே இடத்தில், அதே கோணத்தில் பிடித்து, வீட்டில் ஒருவரைக் கேட்டிலிருந்து வாசற்படிவரை நடந்து வரச் சொல்லிப் படம் எடுத்துப் பாருங்கள். கைப்பேசி லென்ஸின் கோணம் வேறுதான் என்றாலும், குறுக்கே நிற்கும் தூண், காற்றில் ஆடும் வாழை இலை, காலை வெயில் நேராக விழும் திசை ஆகியவை எல்லாம் அந்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வீட்டுக்குள்ளிருந்து திறந்த வாசலை நோக்கும் கேமராவாக இருந்தால் வெளிச்சம் பின்னாலிருந்து வரும். உள்ளே நுழைபவர் கறுப்பு நிழலாகத்தான் தெரிவார். அந்த இடத்துக்கு, வெளிச்சமும் இருட்டும் கலந்த காட்சியில் இரண்டையும் தெளிவாகக் காட்டும் டபிள்யூடிஆர் வசதி கட்டாயம். பெட்டியில் ‘டிஜிட்டல் டபிள்யூடிஆர்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது மென்பொருள் சரிக்கட்டல், அவ்வளவாக உதவாது.

அடுத்தது இணைப்பு. இதில் மூன்று வழிகள் உண்டு. எது சிறந்தது என்பது வீடு சொந்தமா வாடகையா, கட்டி முடித்ததா கட்டிக்கொண்டிருப்பதா என்பதைப் பொறுத்தது.

வாடகை வீட்டுக்கு, மெமரி கார்டு போடும் வைஃபை கேமரா ஒன்றோ இரண்டோ போதும். கம்பியில்லாக் கேமரா என்று விற்றாலும் மின்கம்பி இல்லாமல் அது இயங்காது. எனவே பொருத்தும் இடத்துக்கு அருகில் மழை படாத பிளக் பாயிண்ட் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இவற்றில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்குபவை. ரவுட்டரில் 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் சில கேமராக்கள் இணைய மறுக்கும். தனித்தனிப் பெயர் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பேட்டரியில் இயங்கும் வகையை நம் ஊருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அது தூங்கிக்கொண்டிருந்து, உடல் வெப்பத்தை உணரும் சென்சார் எழுப்பினால்தான் விழிக்கும். சுற்றுப்புறத்தின் வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும் மே மாதப் பகல்களில் அந்தச் சென்சாருக்கு ஆளும் சுவரும் ஒன்றுபோலவே தெரியும்.

இரண்டாவது வழி, கேமராக்களிலிருந்து கம்பி வழியாக வரும் படத்தை டிவிஆர் என்ற ரெக்கார்டர் பெட்டியில் பதியும், நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள முறை. 3+1 கேபிள் என்று கேட்டு வாங்கினால் படத்துக்கும் மின்சாரத்துக்கும் சேர்த்து ஒரே கம்பியாக இழுத்துவிடலாம், விலையும் குறைவு. இதில் பலரைத் திணறடிக்கும் கோளாறு ஒன்று இருக்கிறது. பகல் முழுவதும் ஒழுங்காக இயங்கும் கேமரா, இருட்டியதும் அணைந்து அணைந்து எரியும். கேமரா கெட்டுவிட்டது என்று மாற்றினாலும் அதே கதைதான். உண்மையில், நீண்ட மெல்லிய கம்பியில் 12 வோல்ட் மின்சாரம் போய்ச் சேர்வதற்குள் அழுத்தம் குறைந்துவிடுகிறது. இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியதும் கேமரா இழுக்கும் மின்னோட்டம் கூட, மிச்சமிருந்த வோல்ட்டும் சரிந்து, கேமரா மறுபடி மறுபடி தொடங்குகிறது. தொலைவிலுள்ள கேமராவுக்கு அதன் அருகிலேயே தனி அடாப்டர் கொடுத்தால் தீர்ந்தது.

மூன்றாவது, நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் செல்லும் பிஓஇ முறை. 2003-இல் வந்த 802.3ஏஎஃப் தரநிலைப்படி, நெட்வொர்க் சுவிட்ச் (கேமராக்களின் கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டி) ஒவ்வொரு துளையிலும் 15.4 வாட் வரை கொடுக்கும். கேபிள் 100 மீட்டர் வரை போகலாம். மின்னழுத்தம் 48 வோல்ட்டை ஒட்டியது என்பதால் மேலே சொன்ன இரவு நோய் எளிதில் வராது. சொந்த வீட்டுக்கு, அதிலும் பூச்சு வேலை முடியாத வீட்டுக்கு, என் தேர்வு இதுதான். கேமரா இன்றே வாங்காவிட்டாலும் பரவாயில்லை, சுவருக்குள் பைப் போட்டு கேட்-6 (Cat 6) என்ற வகை நெட்வொர்க் கேபிளை இழுத்து வைத்துவிடுங்கள். கேபிள் வாங்கும்போது நுனியைச் சீவி, உள்ளிருக்கும் கம்பியைக் கத்தியால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளும் செம்பாகவே இருந்தால் நல்லது. வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியம். அதன் மின்தடை அதிகம், எளிதில் ஒடிந்தும்விடும், பிஓஇ-க்கு ஆகாது. கேமராவும் என்விஆரும் (இந்த முறைக்கான ரெக்கார்டர்) வெவ்வேறு நிறுவனத்தவையாக இருந்தால், அவை ஒன்றோடொன்று இணைந்து இயங்குவதற்கான பொது நெறியான ஓன்விஃப் என்ற பெயர் இரண்டிலும் இருக்க வேண்டும்.

எந்த முறையானாலும், மின்சாரம் போனால் கேமராவோடு ரவுட்டரும் அணையும் என்பதை மறந்துவிடுகிறோம். நான்கு கேமராவும் ரெக்கார்டரும் சேர்ந்து பெரும்பாலும் 40 வாட்டுக்குள் முடிந்துவிடுவதால், அவற்றையும் ரவுட்டரையும் வீட்டு இன்வெர்ட்டர் இணைப்பில் சேர்த்துவிடலாம்.

சேமிப்புக்கும் ஓர் எளிய கணக்கு உண்டு. நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில் பதியும் கேமரா ஒரு நாளில் 21.6 ஜிபி எழுதும். 128 ஜிபி கார்டு ஆறு நாளுக்குச் சற்றுக் குறைவாகவும், நான்கு கேமராவுக்கு 1 டிபி ஹார்டு டிஸ்க் பதினொன்றரை நாளுக்கும் தாங்கும். படத்தைச் சுருக்கிப் பதியும் முறைகளில் எச்.264-க்குப் பதில் எச்.265-ஐத் தேர்ந்தெடுத்தால் ஏறத்தாழ இரட்டிப்பு நாள்கள் கிடைக்கும். திரும்பத் திரும்ப எழுதுவதால் சாதாரண மெமரி கார்டு சொல்லாமல் கொள்ளாமல் செத்துப்போகும். ‘ஹை எண்டூரன்ஸ்’ என்று குறிப்பிட்ட கார்டையும், ரெக்கார்டருக்குக் கண்காணிப்புப் பணிக்கென்றே செய்த ஹார்டு டிஸ்க்கையும் வாங்குங்கள். ரெக்கார்டரைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தால் திருடன் அதையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போவான். பரணில் ஒளித்தால் கோடையில் வெந்துவிடும். காற்றோட்டமுள்ள அலமாரியின் பூட்டிய தட்டு நல்ல இடம்.

பதிவைக் காவல் நிலையத்தில் கொடுக்க நேர்ந்தால் அன்றைக்கே பென் டிரைவில் பிரதி எடுத்துவிடுங்கள். பழைய பதிவின் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்க அதனுடன் சான்றிதழ் வேண்டும். ரெக்கார்டரின் கடிகாரம் தவறாக ஓடினால் அதுவே கேள்விக்கு இடமாகிவிடும் என்பதால், இணையத்திலிருந்து நேரம் எடுத்துக்கொள்ளும்படி அமைத்துவிடுங்கள்.

கேமராவே திருடனுக்கு வாசலாகிவிடக் கூடாது. 2016-இல் மிராய் என்ற தீநிரல், ஆலையிலிருந்து வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்துக்கொண்டு, இணையத்தின் பெரிய தளங்கள் பலவற்றை மணிக்கணக்கில் முடக்கியது. இந்தியாவில் 2025 ஏப்ரல் 9 முதல் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருப்பதால், பழைய சரக்கைத் தள்ளுபடியில் தந்தால் அந்தச் சான்று உள்ள மாதிரிதானா என்று கேளுங்கள். கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். ரவுட்டரில், கருவிகள் தாமாகவே இணையத்திலிருந்து வழி திறந்துகொள்ள விடும் யுபிஎன்பி வசதியை அணைத்துவிடுங்கள். படுக்கையறையில் கேமராவே வேண்டாம். எதிர்வீட்டு ஜன்னல் படத்தில் விழுந்தால், அந்தப் பகுதியை மறைக்கும் வசதி அமைப்பிலேயே இருக்கிறது. மறைத்துவிட்டு அவர்களை அழைத்துத் திரையைக் காட்டிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.

பொருத்திய அன்று இரவு, வாசல் விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டிலிருந்து நீங்களே நடந்து வந்து, பதிவில் உங்கள் முகம் தெரிகிறதா என்று பாருங்கள். படம் முழுவதும் வெளிறித் தெரிந்தால், அருகிலுள்ள வெள்ளைச் சுவரோ சன்ஷேடின் விளிம்போ அகச்சிவப்பு ஒளியை லென்ஸுக்குத் திருப்பி அனுப்புகிறது என்று பொருள். கேமராவை நாலு அங்குலம் வெளியே தள்ளினால் போதும். அந்த ஒளிக்குப் பூச்சிகள் வரும், பூச்சிகளுக்காகச் சிலந்தி வரும். லென்ஸுக்கு முன்னால் ஆடும் ஒற்றை நூல் இரவு இரண்டு மணிக்குத் திரையில் கயிறு போலத் தடித்துத் தெரிந்து, கைப்பேசியில் எச்சரிக்கை மணியை அடித்துக்கொண்டே இருக்கும். மழை தொடங்கி ஈசல் பறக்கும் நாள்களில் இன்னும் மோசம். ஆள் நடமாட்டத்துக்கு மட்டும் எச்சரிக்கை வரும்படி அமைத்துவிட்டு, மாதத்துக்கு ஒருமுறை ஒட்டடைக் கோலின் முனையில் மெல்லிய துணியைச் சுற்றி லென்ஸைச் சுற்றியுள்ள நூலைத் தட்டிவிடுங்கள். கேமரா எட்டடியில் இருப்பதால் அதற்கு ஏணியும் தேவைப்படாது.