சாக்ஸபோன் ஆல்பம் சொல்லிக்கொடுக்கும்போது விடும் பிழைகள்

கிளிநொச்சியில் என் கூட்டாளி ஒருவன் புது ஹெட்போன் வாங்கிய கையோடு கேட்டான்: "மச்சான், நல்ல கிளியரா இருக்கிற ஜாஸ் சாக்ஸபோன் ஆல்பம் ஒண்டு சொல்லு." நானும் யோசிக்காமல் சார்லி பார்க்கரின் 1940களின் பதிவுகளைச் சொல்லிவிட்டேன். இரவே அழைப்பு வந்தது. "ஹெட்போன் பழுது போல கிடக்கு, ஒரே இரைச்சல்." ஹெட்போனில் ஒரு பழுதும் இல்லை. பார்க்கரின் வாசிப்பு அபாரம். ஒலியோ நிமிடத்துக்கு 78 தரம் சுற்றும் பழைய இசைத்தட்டுக் காலத்து ஒலி. அவன் கேட்டது நல்ல பதிவை, நான் கொடுத்தது எனக்குப் பிடித்த வாசிப்பை.

அதற்காகப் பழையது எல்லாம் மட்டம் என்று ஒதுக்குவதும் பிழைதான். டேப்பும் தரமான மைக்கும் வந்தபின் கதை மாறிவிட்டது. சொனி ரொலின்ஸின் 'சாக்ஸபோன் கொலோசஸ்' 1956இல் பதிவானது, அதுவும் மோனோவில், அதாவது இடம் வலம் பிரிக்காமல் எல்லாம் ஒரே தடத்தில். ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர் அப்போது நியூ ஜெர்சியில் தன் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில்தான் பதிந்துகொண்டிருந்தார். ஆர்ட் பெப்பர் 1957 ஜனவரியில் மைல்ஸ் டேவிஸின் தாளக் குழுவோடு (பியானோ, பாஸ், டிரம்ஸ்) செய்த ஆல்பத்தை லொஸ் ஏஞ்சலிஸில் ரோய் டுனான் பதிந்தார். இடம், கம்பனி இசைத்தட்டுப் பெட்டிகள் அடுக்கும் சாமான் அறை! இன்றைக்கும் பெப்பரின் அல்ட்டோ சாக்ஸபோன் பக்கத்தில் நின்று ஊதுவது போலத்தான் இருக்கிறது.

எதில் கேட்கப்போகிறார்கள் என்று விசாரிக்காமல் சொல்வதில்தான் அதிகம் சறுக்குகிறோம். அதே டுனான் 1957இல் பதிந்த ரொலின்ஸின் 'வே அவுட் வெஸ்ட்' ஆல்பத்தில் பியானோ கிடையாது; சாக்ஸபோன், பாஸ், டிரம்ஸ் மட்டும். ஸ்டீரியோ புதிதாக வந்த காலம் என்பதால் சாக்ஸபோன் ஒரு பக்கம், மற்ற இரண்டும் மறுபக்கம். வவுனியா பஸ்ஸில் ஒரு இயர்போனை இரண்டு பேர் பங்குபோட்டால் ஒருவருக்கு ரொலின்ஸ், மற்றவருக்கு வெறும் தாளம்! ஒற்றை புளூடூத் ஸ்பீக்கரில் அந்த இடைவெளியே இல்லாமல் போய்விடும். அப்படிக் கேட்பவருக்கு மோனோ பதிவைச் சொல்லுங்கள்.

அப்புறம், எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் விடுவது. 'கைண்ட் ஒஃப் புளூ' ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் ஆல்பம் என்றாலும் கோல்ட்ரேன், கனன்பால் அடர்லி என்ற இரண்டு சாக்ஸபோன்களுக்காகவே கேட்கலாம். 1959இல் முதல் அமர்வின்போது டேப் கருவி சற்று மெதுவாக ஓடிவிட்டது. அதைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது முதல் பக்கத்தின் மூன்று பாடல்களும் கொஞ்சம் வேகமாக, சுருதி ஏறித்தான் வெளிவந்தன. திருத்தியது 1992இல். கோயில் திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த வித்தியாசம் பிடிபடக்கூடும். 'ரீமாஸ்டர்' என்று போட்டாலே நல்லது என்றும் நம்பவேண்டாம். சிலவற்றில் மெல்லிய இடத்தையும் உரத்த இடத்தையும் ஒரே மட்டத்துக்கு நசுக்கியிருப்பார்கள்.

டேட்டா விஷயம் சுருக்கமாக: 320 கேபிபிஎஸ் தரத்தில் இணையத்தில் கேட்டால் மணிக்குச் சுமார் 144 எம்பி. போனில் கேட்க அது தாராளம்.

கத்ரி கோபால்நாத்தின் கர்நாடக சாக்ஸபோனை மட்டும் கேட்டுப் பழகியவருக்கு எடுத்த எடுப்பிலேயே கட்டுக்கடங்காமல் அலறும் பிந்திய காலத்துக் கோல்ட்ரேனைக் கொடுக்காதீர்கள், பயந்துவிடுவார். 1963இல் பதிவான 'கெட்ஸ்/ஜில்பெர்ட்டோ' சரியான தொடக்கம். ஒலிப்பதிவுக்கே கிராமி வாங்கிய ஆல்பம் அது. ஸ்டான் கெட்ஸ் ஊதும்போது சுரத்தோடு மூச்சும் சேர்ந்து வரும். ஆனால் ஃபான் சுற்றினால் அந்த மூச்சு போச்சு.

கூட்டாளிக்கும் கடைசியில் அதையே அனுப்பி, "ஃபானை நிப்பாட்டிப்போட்டுக் கேள்" என்றேன்.

"நுளம்பை ஆர் நிப்பாட்டுறது?" என்றான்.