மார்ச் மேட்னஸ்: ஆட்டத்தைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்ச் நடுவில் தொடங்கி ஏப்ரல் முதல் வாரம் வரை அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்களுக்கு, மார்ச் மேட்னஸ் எனும் தேசியக் கோப்பைப் போட்டியைத் தவிர வேறு பேச்சே கிடையாது. ஆண்கள் போட்டியில் 68 அணிகள், பெண்கள் போட்டியிலும் 68 அணிகள். ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். தொழில்முறை லீகான என்பிஏவின் பிளேஆஃபில் ஒரு சுற்றுக்கு ஏழு ஆட்டங்கள் வரை உண்டு. முதல் ஆட்டத்தில் சொதப்பினாலும் சரிக்கட்ட நேரம் இருக்கும். இங்கே இருப்பது 40 நிமிடம் மட்டும். நான்கு வருடம் உழைத்த ஒரு மாணவரின் கல்லூரி ஆட்ட வாழ்க்கை அந்த 40 நிமிடத்தில் முடிந்துபோகலாம். அதனால்தான் இந்தப் போட்டியைப் பற்றிய பேச்சு இவ்வளவு சூடாக இருக்கிறது. அந்தச் சூட்டில் நாம் அவசரப்பட்டுச் சொல்லிவிடும் தீர்ப்புகள் பல, ஆட்டத்துக்கும் ஆடியவர்களுக்கும் நியாயம் செய்வதில்லை.

இவற்றில் பெரிய தவறு, யார் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதை மட்டும் பார்ப்பது. 2019இல் வர்ஜீனியாவும் பர்டூவும் மோதிய காலிறுதியை எடுத்துக்கொள்வோம். பர்டூவின் கார்சன் எட்வர்ட்ஸ் 42 புள்ளிகள் எடுத்தார், அதில் 10 த்ரீ பாயிண்டர்கள் (தூரத்திலிருந்து எறிந்து மூன்று புள்ளி பெறுவது). தோற்ற அணியில் இருந்தும் போட்டியின் அந்தப் பிரிவுக்கான சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே கிடைத்தது. அதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் அந்த ஆட்டத்தை வர்ஜீனியா பக்கம் திருப்பியது ஒரு பாஸ். கடைசி சில வினாடிகளில் வர்ஜீனியா இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. டை ஜெரோமின் ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குப் பதிலாகக் கிடைக்கும் தடையில்லா எறிதல்) தவறியது, மமாடி டியாகிடே தட்டிவிட்ட பந்து மைதானத்தின் மறுபாதிக்கு ஓடியது. புதிதாகச் சேர்ந்த மாணவர், அணியிலேயே குள்ளமான கிஹெய் கிளார்க், பின்னால் ஓடிப்போய் அதை எடுத்தார். ஜெரோம் பக்கத்தில்தான் இருந்தார், பந்தைக் கேட்டார். கிளார்க் அவரைத் தாண்டி, கூடைக்கு அருகில் நின்ற டியாகிடேவுக்கு நீளமாக வீசினார். டியாகிடே பிடித்த வேகத்தில் எறிந்தார், மணி அடித்தது, பந்து உள்ளே. 70-70. ஓவர்டைமில் வர்ஜீனியா 80-75 என்று வென்று, பிறகு கோப்பையையும் எடுத்தது.

பாக்ஸ் ஸ்கோர் என்ற கணக்குத் தாளில் அந்த பாஸுக்குக் கிடைத்தது ஒரே ஒரு அசிஸ்ட் (கூடைக்கு வழிவிட்ட பாஸ்). ஆட்டத்தின் தொடக்கத்தில் எந்த அழுத்தமும் இல்லாமல் கொடுத்த எளிய பாஸுக்கும் ஒன்றுதான், இதற்கும் ஒன்றுதான். நம் ஊர் நேரத்துக்கு இந்த ஆட்டங்கள் இரவிலும் காலையிலும் நடப்பதால், எழுந்ததும் ஸ்கோரையும் இரண்டு நிமிட ஹைலைட்ஸையும் மட்டும் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்பவர்கள் அதிகம். முழு ஆட்டம் பார்க்க முடியாவிட்டால், கடைசி ஐந்து நிமிடத்தையாவது வெட்டில்லாமல் பாருங்கள். பந்து இல்லாத நான்கு பேர் என்ன செய்கிறார்கள் என்பது அதில்தான் தெரியும்.

2025 இறுதி ஆட்டமும் இதற்கு நல்ல உதாரணம். ஃபுளோரிடா 65, ஹூஸ்டன் 63. ஃபுளோரிடாவின் வால்டர் கிளேட்டன் ஜூனியர் அரையிறுதியில் ஆபர்ன் அணிக்கு எதிராக 34 எடுத்தவர். இறுதி ஆட்டத்தில் முதல் பாதியில் ஒரு புள்ளிகூட இல்லை, மொத்தமே 11. அணியில் அதிகம் எடுத்தது 18 புள்ளிகளோடு வில் ரிச்சர்ட். எண்ணை மட்டும் பார்த்தவர்கள், கிளேட்டனுக்கு எப்படிச் சிறந்த ஆட்டக்காரர் விருது கொடுத்தார்கள் என்று கேட்டார்கள். அந்த விருது அரையிறுதி, இறுதி இரண்டுக்கும் சேர்த்துத் தரப்படுவது என்பது ஒரு பதில். இன்னொரு பதில் கடைசி வினாடிகளில் இருக்கிறது. ஹூஸ்டனின் இமானுவல் ஷார்ப் வெற்றிக்கான த்ரீ பாயிண்டருக்கு எழும்பினார். கிளேட்டன் கையை உயர்த்திக்கொண்டு அவர் மீது பாய்ந்து வந்தார். எறிந்தால் தடுக்கப்படும் என்று தெரிந்த ஷார்ப், பந்தைக் கீழே விட்டார். மறுபடி தொட்டால் டிராவல் என்ற விதிமீறல், அதனால் தொட முடியாமல் நிற்க வேண்டியதாயிற்று. ஃபுளோரிடாவின் அலெக்ஸ் காண்டன் தரையில் விழுந்து பந்தை அள்ளிக்கொண்டார். ஆட்டம் முடிந்தது. கிளேட்டன் பந்தைத் தொடக்கூட இல்லாததால், அவர் செய்த தடுப்புக்கு பிளாக் (எறிதலைத் தடுத்தது) என்றோ ஸ்டீல் (பந்தைப் பறித்தது) என்றோ கணக்கில் எதுவும் ஏறவில்லை.

அதே 65-63ஐப் பார்த்து "இவ்வளவு கம்மி ஸ்கோரா, போரடிக்கும் ஆட்டம்" என்று ஒதுக்குவதும் தவறுதான். ஐம்பது ஓவரில் எடுத்த 250ஐயும் இருபது ஓவரில் எடுத்த 180ஐயும் நாம் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை. இங்கே ஓவருக்குப் பதில், பந்து எத்தனை முறை கைக்கு வந்தது என்ற கணக்கு. கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் ஷாட் கிளாக், அதாவது பந்து கிடைத்த அணி எறிந்தாக வேண்டிய நேரம், 30 வினாடி, என்பிஏவில் 24. ஆட்ட நேரமும் அங்கே 48 நிமிடம். ஹூஸ்டன், 2019 கால வர்ஜீனியா போன்ற அணிகள் அந்த 30 வினாடியையும் முழுதாகப் பயன்படுத்தி, எதிரணியையும் அப்படியே ஆடவைக்கும். ஆட்டத்தில் 60 முறை பந்து கிடைத்து 65 எடுத்த அணி, 75 முறை கிடைத்து 75 எடுத்த அணியைவிடத் திறமையாகத் தாக்கியிருக்கிறது. ஆக, ஒருவர் 20 எடுத்தார், இன்னொருவர் 26 எடுத்தார் என்று ஒப்பிடுவதற்கு முன், எத்தனை முறை எறிந்து எடுத்தார்கள், அணி எந்த வேகத்தில் ஆடியது என்று பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம், கடைசி எறிதலைத் தவறவிட்டவர் தலையில் தோல்வியைக் கட்டுவது. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. 2025 அரையிறுதியில் டியூக் அணி ஹூஸ்டனிடம் 70-67 என்று தோற்றபோது, 18 வயது கூப்பர் ஃபிளாக் கடைசி நேரத்தில் எறிந்த பந்து உள்ளே போகவில்லை. "பெரிய ஆட்டத்தில் கைவிட்டுவிட்டார்" என்று ஒரே பேச்சு. நடந்ததை வரிசையாகப் பார்ப்போம். எட்டு நிமிடம் மீதமிருக்கும்போது டியூக் 14 புள்ளி முன்னிலை. கடைசிப் பத்தரை நிமிடத்தில் டியூக் போட்ட கள கோல் (ஃப்ரீ த்ரோ அல்லாத கூடை) ஒன்றே ஒன்று. அரை நிமிடம் இருக்கையில் ஷார்ப் ஒரு த்ரீ பாயிண்டர் போட்டு 67-64 ஆக்கினார். உடனே டியூக் உள்ளே வீசிய பந்தை ஹூஸ்டன் பறித்தது. அவர்கள் எறிந்தது தவற, ஜோசஃப் டக்லர் அதைப் பிடித்து டங்க் அடித்தார், 67-66. அடுத்து டைரீஸ் ப்ராக்டர் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போனார். கல்லூரி ஆண்கள் ஆட்டத்தில் ஒரு பாதியில் எதிரணி செய்யும் ஏழாவது ஃபவுல் முதல் ஒன்பதாவது வரை, முதல் எறிதல் உள்ளே போனால்தான் இரண்டாவது கிடைக்கும். முதலாவதே தவறியது. அந்த ரீபவுண்டுக்கு, அதாவது தவறித் திரும்பிய பந்துக்கு, தாவிய ஃபிளாக் ஃபவுல் செய்ததாகத் தீர்ப்பு வந்தது. ஜெவான் ராபர்ட்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் போட்டு ஹூஸ்டனை முன்னே கொண்டுபோனார். இவ்வளவுக்கும் பிறகுதான் ஃபிளாக்கின் அந்த எறிதல், அதுவும் ராபர்ட்ஸ் கையைத் தாண்டி.

அந்த ஆட்டத்தில் ஃபிளாக் எடுத்தது 27 புள்ளிகள். ஃபவுலில் அவருக்குப் பங்கு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பத்து நிமிடம் ஒரு அணியே தாக்க முடியாமல் திணறியதை ஒரு பையனின் ஒரு எறிதலுக்குள் அடக்கினால், ஹூஸ்டனின் டிஃபன்ஸ் செய்த அருமையான வேலையும் சேர்ந்தே மறைந்துபோகிறது. ஜெயித்தவர்களுக்கும் அது அநியாயம்.

இந்தப் பேச்சு இணையத்தில் வசையாக மாறுவதையும் சொல்லியாக வேண்டும். 2024இல் நார்த் கரோலினாவின் அர்மாண்டோ பேகாட், தன் அணி வென்ற ஒரு ஆட்டத்துக்குப் பிறகும் நூற்றுக்கும் மேற்பட்ட வசைச் செய்திகள் வந்ததாகச் சொன்னார். அவர் போதுமான ரீபவுண்ட் எடுக்கவில்லையாம், அதனால் பந்தயம் கட்டியவர்களுக்குப் பணம் போயிற்றாம். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பே இதை எதிர்த்துத் தனியாகப் பிரசாரம் செய்யும் நிலை வந்திருக்கிறது. ஆட்டத்தை விமர்சிக்கலாம், அதை நாலு பேர் இருக்கும் இடத்தில் விவாதிக்கலாம். ஆடிய மாணவரின் கணக்கில் போய் நேரடியாகத் திட்டுவதை எந்த ரசிகர் செய்தாலும் அவரை நாம்தான் நிறுத்த வேண்டும்.

ஒரே ஆட்டத்தை வைத்து ஒருவரை உச்சத்தில் ஏற்றுவதும் அடுத்த ஆட்டத்தில் இறக்குவதும் இன்னொரு பழக்கம். 2016இல் ஒக்லஹோமாவின் பட்டி ஹீல்ட் ஒரேகனுக்கு எதிராக 37 எடுத்து அணியை அரையிறுதிக்குக் கொண்டுபோனார். அங்கே வில்லனோவாவிடம் 9 புள்ளி, அணி 95-51 என்று தோல்வி. அந்த சீசனில் நாட்டின் சிறந்த வீரர் என்று விருது வாங்கியவர் அவர்தான். ஒரு வாரத்தில் அவர் திறமை எங்கும் போய்விடவில்லை. வில்லனோவா அவரைச் சுற்றி ஆள் மாற்றி ஆள் நிறுத்தியது, அன்று அவர்கள் எறிந்ததெல்லாம் உள்ளே போனது.

அணிகளுக்கும் இதே கதைதான். 2018இல் முதல் சீடு (போட்டிக்கான தரவரிசை) பெற்ற வர்ஜீனியா, பதினாறாம் சீடு பெற்ற யுஎம்பிசி பல்கலைக்கழகத்திடம் 74-54 என்று தோற்றது. ஆண்கள் போட்டியில் அதற்கு முன் முதல் சீடு அணிகள் பதினாறாம் சீடிடம் 135 முறை மோதி 135 முறையும் வென்றிருந்தன. வர்ஜீனியாவின் மெதுவான ஆட்டமுறை மார்ச்சுக்கு ஒத்துவராது என்று அன்று ஊரே தீர்ப்பு எழுதியது. டிஆண்ட்ரே ஹன்டரின் மணிக்கட்டு உடைந்த செய்தி, அட்டவணை அறிவித்த பிறகே வெளியானது என்பதைப் பலர் மறந்தார்கள். அடுத்த வருடமே அதே கோச், அதே ஆட்டமுறை, கோப்பை. இறுதி ஆட்டத்தில் 27 புள்ளி எடுத்தவர் அதே ஹன்டர். சீடு என்பது சீசன் முழுக்கச் செய்ததைப் பார்த்து ஒரு குழு போடும் வரிசை. அன்றைய இரவு யார் உடல்நிலை எப்படி, யாருடைய ஆட்டமுறை யாருக்குத் தொல்லை என்பது அதில் இருக்காது.

சாதனைகளை ஒப்பிடும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும். 2024இல் அயோவாவின் கேட்லின் கிளார்க், 1960களின் இறுதியில் ஆடிய பீட் மராவிச் கல்லூரியில் மொத்தமாக எடுத்த 3,667 புள்ளிகளைத் தாண்டி 3,951இல் முடித்தார். இரண்டு பக்கமும் சண்டை. மராவிச் ஆடியது மூன்று சீசன், 83 ஆட்டம். முதலாமாண்டு மாணவர்களுக்கு அப்போது பிரதான அணியில் இடமில்லை, த்ரீ பாயிண்டர் கோடும் கிடையாது. கிளார்க் நான்கு சீசன், 139 ஆட்டம். அவர் மீது குவிந்த டிஃபன்ஸும் அழுத்தமும் மராவிச் காலத்தில் எந்தப் பெண்ணுக்கும் கிடைக்காத அளவு கவனத்தோடு வந்தவை. இருவரையும் தனித்தனியே ரசிப்பதில் என்ன குறைந்துவிடும்? இந்தச் சண்டையில் காணாமல்போனவர் லினெட் வுடார்ட். 1977 முதல் 1981 வரை கான்சாஸில் 3,649 புள்ளிகள், அதுவும் இன்றைய பெண்கள் பந்தைவிடப் பெரிய பந்தில். அப்போது பெண்கள் ஆட்டத்தை நடத்தியது வேறொரு அமைப்பு என்பதால் என்சிஏஏ பட்டியலில் அவர் பெயர் நெடுங்காலம் இடம்பெறவில்லை.

பெண்கள் போட்டியை மறப்பதால் வரும் தவறுகள் நிறைய. முதல் சீடை வீழ்த்திய முதல் பதினாறாம் சீடு யுஎம்பிசி என்று இன்றும் எழுதுகிறார்கள். 1998இலேயே ஹார்வர்டு பெண்கள் அணி ஸ்டான்ஃபோர்டை அதன் சொந்த மைதானத்தில் 71-67 என்று வீழ்த்திவிட்டது. ஆலிசன் ஃபீஸ்டர் அன்று எடுத்தது 35. அதேபோல் 2024 பெண்கள் இறுதி ஆட்டம் என்றாலே கிளார்க்கின் 30 புள்ளிதான் பேச்சு. சவுத் கரோலினா 87-75 என்று வென்றது எப்படி என்று கேட்டால் பலரிடம் பதில் இல்லை. மாற்று ஆட்டக்காரர்கள் எடுத்த புள்ளி: சவுத் கரோலினா 37, அயோவா 0. ரீபவுண்ட் 51-29. அந்த சீசனில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காத அணி அது, 38-0.

சின்னச் சின்னத் தவறுகளும் உண்டு. 2024இல் கென்டக்கியை 80-76 என்று வீட்டுக்கு அனுப்பிய ஓக்லண்ட் பல்கலைக்கழகம் கலிஃபோர்னியாவில் இல்லை, மிச்சிகனில் இருக்கிறது. அந்த ஆட்டத்தில் 10 த்ரீ பாயிண்டர் போட்ட ஜாக் கோல்கி, அதற்கு முன் இரண்டாம் டிவிஷன் கல்லூரியில் ஆடியவர். ஆண்கள் ஆட்டம் 20 நிமிடமாக இரண்டு பாதி, பெண்கள் ஆட்டம் 10 நிமிடமாக நான்கு குவார்ட்டர். ஸ்கோர் சொல்லும்போது இதை மாற்றிப் போடாதீர்கள். ஐந்தாவது ஃபவுலிலேயே ஆட்டக்காரர் வெளியே போக வேண்டும், என்பிஏவில்தான் ஆறு. நட்சத்திர ஆட்டக்காரரை முதல் பாதியிலேயே பெஞ்சில் உட்காரவைத்தார் என்று கோச்சைத் திட்டுவதற்கு முன், அவர் கணக்கில் அதற்குள் எத்தனை ஃபவுல் என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.