விண்மீன் தூசியை ஒரு குவளைத் தண்ணீரில் பார்க்கலாம்

விண்மீன்களுக்கு நடுவே வெறும் இருட்டு மட்டும் இல்லை. வாயு இருக்கிறது, அதோடு சிலிக்கேட்டும் கரியுமான நுண்தூசியும் இருக்கிறது. பெரும்பாலான துகள்கள் ஒரு மைக்ரோமீட்டரிலும் சிறியவை. அவை ஒளியை என்ன செய்கின்றன என்று முதலில் வீட்டில் பார்ப்போம்.

அறையை இருட்டாக்கி, கண்ணாடிக் குவளையில் தண்ணீர் நிரப்பி, போன் டோர்ச்சை ஒரு பக்கம் ஒட்டிப் பிடியுங்கள். இரண்டு மூன்று சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்கள். கொழுப்பு நீக்கிய பால் இன்னும் நல்லது. பக்கவாட்டில் தண்ணீர் இலேசாக நீலம் பூசியிருக்கும். எதிர்ப்பக்கமிருந்து பார்த்தால் டோர்ச் மங்கி மஞ்சளாகும். பாலைக் கூட்டக் கூட்டச் செம்மஞ்சள். நீலம் வழியில் சிதறிவிட, சிவப்பே கூடுதலாகத் தப்பி வருகிறது.

அப்புறம் வேறொரு குவளையில் ஒரு சிட்டிகை கோதுமை மா போட்டுக் கலக்குங்கள். வெளிச்சம் மங்கும், நிறம் அவ்வளவாக மாறாது. மாவின் துகள் பெரியது, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே மறிக்கும். இரண்டு குவளையையும் மாறி மாறிப் பாருங்கள், அவசரம் வேண்டாம். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

விண்மீன் ஒளிக்கும் தூசியால் இதே கதிதான். விண்மீன் எவ்வளவு மங்கியது என்பதை எவ்வளவு சிவந்தது என்பதால் வகுத்தால் ஓர் எண் வரும். நம் பால்வீதியில் சராசரி 3.1. அடர்ந்த முகில்களில் துகள்கள் ஒட்டிப் பெருப்பதால் 5 வரை போகும். ஒரு விண்மீன் 0.5 பருமன் (விண்மீன் பிரகாசத்தை அளக்கும் அலகு) சிவந்திருந்தால், 3.1இன்படி மங்கல் 1.55, 5இன்படி 2.5. பிரகாசத்தை வைத்துத் தூரத்தைக் கணிக்கும்போது, தவறான எண்ணை எடுத்தால் தூரம் ஒன்றரை மடங்கு பிழையாகும். 1930இல் வானியலாளர் ராபர்ட் ட்ரம்ப்ளர் விண்மீன் கொத்துகளை அளந்து இந்தத் தூசி மறைப்பை நிறுவினார்.

சரி, இனி வானம். மே நடுப்பகுதி, நிலவில்லாத இரவு, 9 மணி. நிலாவெளியில் நின்றால் தெற்கே திருகோணமலை நகர வெளிச்சம் குறுக்கிடும். கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் சம்பூர்ப் பக்கம் போவதுதான் என் தெரிவு. கையை நீட்டி முட்டி பிடித்தால், தெற்கு அடிவானத்திலிருந்து இரண்டு முட்டி உயரத்தில் தென்சிலுவை விண்மீன் கூட்டம். அதன் இடது கீழ்ப்பக்கத்தை ஒட்டி, பால்வீதியில் ஓட்டை விழுந்ததுபோல ஒரு கறுப்புத் திட்டு. அது ஓட்டை இல்லை, ஏறத்தாழ 600 ஒளியாண்டு தொலைவிலுள்ள தூசி முகில்.

தென்கிழக்கே எழும் கேட்டையின் சிவப்பைத் தூசியின் வேலை என்று எண்ணிவிடாதீர்கள், அது வெப்பம் குறைந்த மேற்பரப்பு கொண்ட விண்மீனின் சொந்த நிறம். அடிவானத்தை ஒட்டிய எந்த விண்மீனையும் நம் காற்றே சிவக்க வைக்கும், கொஞ்சம் மேலே ஏறிய பிறகு பாருங்கள்.