அடினியம்: ஜூலையில் சொம்பைத் தூக்காதீர்கள்

மழை தொடங்கி ரெண்டு வாரம் ஆனால் போதும், மும்பை செம்பூரில் எங்கள் சொசைட்டியில் யாராவது ஒருவர் அடினியம், அதாவது பாலைவன ரோஜாத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். நாங்கள் அந்தக் காலத்தில் சறுக்கிய இடங்களிலேயே புதிதாக வளர்ப்பவர்களும் சறுக்குகிறார்கள். வெயில் வேண்டும், தொட்டியில் ஓட்டை வேண்டும் என்பதெல்லாம் தெரிந்ததுதான்; அதை விட்டுவிடுகிறேன்.

மழைக்காலத்தில் இலை பழுத்ததும் தண்ணீர் ஊற்றுவது

போன ஜூலையில் மூன்றாவது மாடி மாமி தன் செடியைக் கொண்டுவந்தார். அடுக்குப் பூ பூக்கும் ஒட்டுச்செடி, நல்ல விலை கொடுத்து வாங்கியது. "இலையெல்லாம் பழுத்துக் கொட்டறது, கிழங்கும் தொளதொளன்னு ஆயிடுத்து. அதான் காலையும் சாயங்காலமும் ஒரு சொம்பு ஊத்தறேன்" என்றார். தொட்டியைக் கவிழ்த்தேன். மண் சேறாக வந்தது. ஒரு வேரை விரலால் பிடித்து இழுத்தேன்; மேல்தோல் உருவிக்கொண்டு கையோடு வர, உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்புதான் மிஞ்சியது. கிழங்கை அழுத்தினால் பழுப்பாக நீர் கசிந்தது, நாற்றம் வேறு. அழுகல் ஒட்டு வரைக்கும் ஏறிவிட்டதால் எதையும் காப்பாற்ற முடியவில்லை.

அடினியத்தின் பூர்வீகம் சகாராவுக்குத் தெற்கேயுள்ள வறண்ட பூமியும் அரேபியாவும். அடியில் பருத்திருக்கும் கிழங்கில்தான் அது தண்ணீரைச் சேர்த்து வைக்கிறது. மும்பையிலோ ஜூன் முதல் செப்டம்பருக்குள் 2,000 மி.மீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. வெயில் இல்லை, காற்றிலும் ஈரம், செடி குடிப்பதோ கொஞ்சம். ஊற்றினது மண்ணிலேயே நிற்க, வேர் மூச்சுமுட்டி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. இலை பழுக்கும், கிழங்கு துவளும். பார்க்க அப்படியே தாகம் மாதிரி இருக்கும். உடனே இன்னொரு சொம்பு. வருஷா வருஷம் சொல்லியும் இது நிற்கவில்லை என்பதில் எனக்குக் கோபமே வருகிறது.

முதலில் அழுத்திப் பாருங்கள். மண் காய்ந்து, கிழங்கு முழுக்க ஒரே சீராகச் சுருங்கியிருந்தால் தாகம். மண் ஈரமாக இருக்க, ஒரு பக்கம் மட்டும் கொழகொழவென்று அமுங்கினால் அழுகல். அப்படியென்றால் அன்றைக்கே செடியை எடுத்துக் கழுவி, சுத்தமான கத்தியால் வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டுங்கள். ஒரு பழுப்புப் புள்ளியை விட்டுவைத்தாலும் அது பரவும். வெட்டிய இடத்தில் பூஞ்சணக்கொல்லித் தூளைத் தடவி, காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம் பத்து நாள் காயப்போட்டு, அப்புறம் உலர்ந்த கலவையில் நடுங்கள். நன்றாக இருக்கும் செடிக்கும் மழை மாதங்களில் மண் அடிவரை காய்ந்தபிறகுதான் தண்ணீர், அதுவும் கொஞ்சமாக.

நர்சரி மண்ணிலேயே விட்டுவைப்பது

இங்கே நர்சரிகளில் கிடைக்கும் லால் மிட்டி, அதாவது செம்மண், மழையில் களியாக இறுகிவிடும். கலவையில் பாதிக்கு மேல் செங்கல் சல்லி, பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் குருணை), கரித்துண்டு போல கரடுமுரடாக இருக்கட்டும். மண்புழு உரமும் மண்ணும் மிச்சத்துக்கு.

பெரிய தொட்டி

வேண்டாம். கிழங்கைவிட ரெண்டு அங்குலம் அகலம் போதும்.

மழையில் கவாத்து

பூப்பது கிளை நுனியில் என்பதால் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தால் கிளையும் கூடும், பூவும் கூடும். அதைப் பிப்ரவரி, மார்ச்சில் செய்யுங்கள்; மழையில் நனைந்த வெட்டு நுனியிலிருந்து அழுகிக்கொண்டே இறங்கும். கையுறை கட்டாயம். இது அரளிக் குடும்பம், ஆப்பிரிக்காவில் இதன் பாலை அம்பு நுனியில் நஞ்சாகத் தடவியிருக்கிறார்கள். வீட்டில் குழந்தையோ நாயோ இருந்தால் வெட்டிய துண்டுகளைக் கீழே போட்டுவைக்காதீர்கள்.

ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்

கிள்ளிவிடுங்கள். விட்டால் ஒட்டை அமுக்கிவிடும்.

தொட்டிக்கடியில் தட்டு

மழைக்கு முன்பே எடுத்துவிடுங்கள், கொசு வேறு முட்டையிடும். ஜன்னல் கிரிலுக்கு மேலே ஷீட் போட்டிருக்கிறது என்றும் நம்பி இருக்காதீர்கள். மும்பைச் சாரல் பக்கவாட்டில்தான் அடிக்கும். தொட்டியைச் சுவரோரமாகத் தள்ளி வையுங்கள்.