எஸ்டேட் வார்டில் தேர்தல் வேலை பார்ப்பது எப்படி

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். 'அரசியல் ஆலோசகர்' என்று விசிட்டிங் கார்டு அடித்துக்கொண்டு மூணாறு பக்கம் வந்துவிடாதீர்கள். நானும் அடித்தேன், இருநூறு கார்டு. முக்கால்வாசி இன்னும் அலமாரியில் கிடக்கிறது. எஸ்டேட்டில் எனக்குப் பெயர் 'லிஸ்ட்டு பாக்குற தம்பி'. வேலையும் அதுதான்.

2020 டிசம்பர் பஞ்சாயத்துத் தேர்தலில் என் அத்தை நின்றார். கொழுந்து எடுக்கிறவர், வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பிரச்சாரம் முழுக்க என் பொறுப்பு. வாட்ஸ்அப் வீடியோ, மைக் கட்டிய ஜீப், ஆளுயர ஃபிளக்ஸ் என்று அமர்க்களப்படுத்தி 11 ஓட்டில் தோற்றோம். ஒரு வாரம் அத்தை முகத்தில் முழிக்கவில்லை. அப்புறம் ஒருநாள் வாக்காளர் பட்டியலை விரித்து வைத்து லயம் லயமாக (லயம் என்றால் எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) எண்ணிப் பார்த்தேன். எங்களுக்குப் போட்டிருக்கக்கூடிய பிள்ளைகள் 14 பேர் அதில் இல்லவே இல்லை. எல்லோரிடமும் வாக்காளர் அடையாள அட்டை இருந்தது. அடுத்த வருடம் சென்னையில் ஒரு நிறுவனத்தில் போனில் கருத்துக் கேட்கும் வேலைக்குப் போய் எக்செல் கற்றுக்கொண்டு வந்தேன். மற்றதெல்லாம் அந்த 14 பேர் கற்றுக்கொடுத்தது.

விஷயம் இதுதான்: கேரளத்தில் சட்டமன்றத்துக்கு ஒரு பட்டியல், உள்ளாட்சிக்கு வேறு பட்டியல். முதலாவது இந்தியத் தேர்தல் ஆணையம் போடுவது, இரண்டாவது மாநிலத் தேர்தல் ஆணையம் போடுவது. ஒன்றில் பெயர் இருந்தால் மற்றதிலும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. சட்டமன்றப் பட்டியலில் சேர ஃபாரம் 6, பஞ்சாயத்துப் பட்டியலில் சேர ஃபாரம் 4. வரைவுப் பட்டியல் வந்த அன்றே உங்கள் வேலை தொடங்கிவிட வேண்டும். வேட்பாளர் யாரென்று அப்போது தெரிந்திருக்காது. தெரியாமல் இருப்பதே நல்லது. தெரிந்துவிட்டால் அவர் சொந்தக்காரர்களின் பெயரைத்தான் முதலில் தேடச் சொல்வார்.

பட்டியலோடு போக வேண்டிய நேரம் சாயங்காலம், கொழுந்து நிறுத்து முடிந்து எல்லோரும் வீடு திரும்பிய பிறகு. போக வேண்டிய இடம் தொழிற்சங்க ஆபீஸ் இல்லை. குடும்பஸ்ரீ என்கிற பெண்கள் சுயஉதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுகிற அக்கா வீட்டுத் திண்ணை. யார் கடன் வாங்கினார், யார் கட்டவில்லை, யார் ஊரைவிட்டுப் போனார் என்பது அவருக்கு மனப்பாடம். பென்சிலோடு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக வாசியுங்கள்.

"இது யாருக்கா?"

"அவுக ரிட்டயராகி சங்கரன்கோயிலுக்குப் போயி மூணு வருசம் ஆச்சே தம்பி."

"இது?"

"அது மருமக. திருப்பூர்ல பனியன் கம்பெனி. தீவாளிக்கு வந்துச்சு, ஓட்டுக்கு வராது."

"இந்த வீட்ல ஆறு பேர் போட்டிருக்கே?"

"நாலுதான். ரெண்டு பேரு செத்துப்போனாக, பேரு மட்டும் சாகல."

இப்படி ஒரு லயத்துக்கு ஒரு மணி நேரம் ஆகும். கட்டன் சாயா, அதாவது பால் விடாத டீ, மூன்று முறை வரும், வேண்டாமென்று சொல்லாதீர்கள்.

ரிட்டயரானவர்கள் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லய வீடு கம்பெனியுடையது. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்து கொடுத்தால்தான் கிராஜுவிட்டி கைக்கு வரும். அதனால் பாதிப்பேர் மலை இறங்கித் தேனிப் பக்கமோ தென்காசிப் பக்கமோ போய்விடுகிறார்கள். பெயர் இங்கேயே தங்கிவிடும். அங்கேயும் புதிதாக ஏறிவிடும். வேட்பாளர் கட்டாயம் உங்களிடம் கேட்பார்: "ஒரு பஸ்ஸப் புடிச்சு ஏத்திட்டு வந்துரலாமா தம்பி?" 2021-ல் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் ஒரே நாளில், ஏப்ரல் 6 அன்று வாக்குப்பதிவு. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அங்கே ஏப்ரல் 19, இங்கே 26. நடுவில் ஒரு வாரம் கிடைத்தால் ஆசை வரத்தான் செய்யும். முடியாது என்று சொல்லிவிடுங்கள். ஒருவர் இரண்டு தொகுதியில் பெயர் வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை. பொய் உறுதிமொழி கொடுத்தால் ஒரு வருடம் வரை சிறை. மாட்டப்போவது வேட்பாளர் அல்ல, எழுபது வயது தாத்தா. இதில் நான் வளைந்துகொடுப்பதில்லை. ஒரு வேலை இதனால் கைவிட்டும் போனது.

சரி, பட்டியல் சுத்தமானதும் மூன்றாகப் பிரியுங்கள்: நமக்கு, அவர்களுக்கு, தெரியாது. கட்சிக்காரர்கள் தரும் கணக்கில் 'தெரியாது' என்ற கட்டமே இருக்காது. அவர்கள் 'நமக்கு' என்று எழுதியதில் மூன்றில் ஒன்றைத் தூக்கித் 'தெரியாது'வில் போடுவது என் பழக்கம். 2015 செப்டம்பரில் பெம்பிளை ஒருமை என்று திரண்ட தேயிலைத் தோட்டப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறு டவுனில் உட்கார்ந்தபோது சங்கத் தலைவர்களைப் பக்கத்தில்கூட அண்டவிடவில்லை. அதுவரை அந்தப் பெண்கள் எல்லோருமே ஏதோ ஒரு சங்கத்தின் கணக்கில் 'நமக்கு' என்றுதான் இருந்திருப்பார்கள்.

கடைசிக் கணக்கை வேட்பாளரிடம் தனியாகச் சொல்லுங்கள். பெண் வேட்பாளர் என்றால் கூடவே கணவரும் வந்து உட்கார்ந்து, கேள்வியெல்லாம் அவரே கேட்பார். "அண்ணே, ஜீப்புக்கு டீசல் போட்டாச்சான்னு பாத்துட்டு வாங்க" என்று அவரை அனுப்பிவிட்டு நோட்டைத் திறங்கள். 2025 தேர்தலில் ஒரு அக்காவிடம் "இன்னிக்கு ஓட்டு நடந்தா முப்பது ஓட்டுல தோப்பீங்க" என்றேன். அவர் அழவில்லை. "எந்த லயம்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி வந்தால் உங்களுக்கு நல்ல வேட்பாளர் கிடைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது நோட்டீஸ். மேலிடத்திலிருந்து மலையாளத்தில் வரும், அவர்களே தமிழாக்கியும் அனுப்புவார்கள். அச்சுக்குப் போகும் முன் வாய்விட்டு வாசியுங்கள். எனக்கு வந்த ஒரு நோட்டீஸில் 'எல்லா லயங்களுக்கும் வெள்ளம் கொண்டு வருவோம்' என்றிருந்தது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். 2018-ல் மழையில் மண் சரிந்து ரோடு அடித்துப்போனதைப் பார்த்த ஊரில் இதைக் கொடுத்தால் என்ன ஆகும்? ஐந்நூறு நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. ராத்திரி உட்கார்ந்து 'வெள்ளம்' மேல் 'குடிதண்ணீர்' என்று ஸ்டிக்கர் ஒட்டினோம். மொழிபெயர்ப்பு பெரிய இடத்தையும் விடாது: 2021-ல் எங்கள் மூணாறு அடங்கிய தேவிகுளம் தொகுதியில் ஜெயித்த ஏ. ராஜா சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். தமிழ் வாசகத்தில் குறை இருந்ததால் மறுபடி எடுக்க வேண்டி வந்தது.

கடைசி வாரம் ஊர்வலம், கொட்டிக்கலாசம் (பிரச்சாரம் முடிகிற நாள் ஆர்ப்பாட்டம்), செண்டை மேளத்துக்கெல்லாம் உங்கள் நேரத்தைக் கொடுக்காதீர்கள். அதற்கு ஆள் இருக்கிறார்கள். நீங்கள் அட்டைப்பெட்டியில் செய்த மாதிரி ஓட்டு மெஷினைத் தூக்கிக்கொண்டு வயதானவர்கள் வீட்டுக்குப் போங்கள். பஞ்சாயத்துத் தேர்தலில் ஒருவருக்கு மூன்று ஓட்டு. மெஷினில் கிராமப் பஞ்சாயத்துக்கு வெள்ளைச் சீட்டு, பிளாக்குக்கு ரோஸ், ஜில்லாவுக்கு வெளிர்நீலம். மூன்றும் போட்டால்தான் நீளமாகச் சத்தம் வரும். ஒன்று மட்டும் போட்டுவிட்டு மற்றது வேண்டாமென்றால் கடைசியில் 'எண்டு' பட்டனை அமுக்க வேண்டும். நோட்டா கிடையாது. ஒரு பாட்டி வெள்ளையில் மட்டும் அமுக்கிவிட்டு "முடிஞ்சிச்சு" என்று வெளியே நடந்துவிட்டாராம்; எங்கள் பூத் ஏஜென்ட் வந்து சொன்னார். அன்றிலிருந்து 'வெள்ளை, ரோஸ், நீலம், கூவுற வரைக்கும் நில்லு பாட்டி' என்று பாட்டாகவே சொல்லித்தருகிறேன். பெட்டியை நிஜ மெஷினின் அளவிலும் நிறத்திலும் செய்யாதீர்கள், அதற்கு விதி இருக்கிறது.

காசு? 2020-ல் கிராமப் பஞ்சாயத்து வேட்பாளரின் செலவு உச்சவரம்பு 25,000 ரூபாய், பிளாக்குக்கு 75,000, ஜில்லாவுக்கு ஒன்றரை லட்சம். அந்த 25,000-க்குள் நோட்டீஸும் ஜீப்பும் மைக்கும் போக உங்களுக்கு என்ன மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒரு வார்டுக்கு 3,000 வாங்குகிறேன். பக்கத்து வார்டுகள் நாலைந்து சேர்ந்தால் கட்டுப்படியாகும். பாதியை முன்பணமாக வாங்குங்கள். தோற்றவரிடம் மீதி கேட்கப் போவது சாவு வீட்டில் பாக்கி கேட்கிற மாதிரி. ஜெயித்தவர் அதைவிட மோசம், போனை எடுக்க மாட்டார்.

செலவுக் கணக்கை முடிவு வந்த 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இதையும் உங்கள் தலையில்தான் கட்டுவார்கள். ஜீப் டிரைவர் பில் தர மாட்டார், கேட்டால் சிரிப்பார். பிரச்சாரம் தொடங்கும் அன்றே ஒரு ரசீதுப் புத்தகம் வாங்கி, ஒவ்வொரு ராத்திரியும் அவர் வண்டியை நிறுத்தும்போது டாஷ்போர்டு மேலேயே வைத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பேனா உங்களுடையதாக இருக்கட்டும். அவரிடம் இருக்காது.